‘கமக்காரர் ஆர்?’ என்று கேட்ட நாள்

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி போன கிழமை வந்தாள். வீடு வீடாகப் போய் விபரம் எடுக்கிற தற்காலிக வேலை ஒன்றுக்குத் தெரிவாகியிருக்கிறாளாம். “அக்கா, நீங்களும் முந்தி இப்பிடிப் போனனீங்கள்தானே, எந்தக் கேள்வி கஷ்டம்? வருமானமோ?” என்று கேட்டாள். வருமானம் கஷ்டம்தான். ஒருவரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள், அதைத் தெரிந்துகொண்டே கேட்கலாம். எனக்குக் கஷ்டமாகப் போனது படிவத்தின் முதற் பக்கத்திலேயே இருந்த ஒரு சாதாரணக் கோடு. “கமக்காரரின் பெயர்”, அதாவது விவசாயம் செய்கிறவரின் பெயர், என்று அச்சடித்து, ஒரேயொரு பெயர் எழுதுமளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். 2017ஆம் ஆண்டு மாசி மாதம் அந்தக் கோட்டில் நான் எழுதிய ஒரு பெயர் இன்றுவரை மனதை அரிக்கிறது. படலையடியில் நின்றபடி அவளுக்கு அதை விளங்கப்படுத்த முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் போனது நாடு முழுவதற்குமான விவசாயத் தொகைமதிப்புக்கு, அதாவது அரசாங்கக் கணக்கெடுப்புக்கு, அல்ல. ஓர் அலுவலகம் தன்னுடைய திட்டங்களுக்காக எடுத்த கமக்குடும்ப விபரத் திரட்டு. தொகைமதிப்பில் சொல்வது சட்டப்படி இரகசியம். தனியாளின் விபரம் பெயரோடு வெளியே போகாது, அதை வைத்து ஒருவருக்கு மானியம் கொடுப்பதோ மறுப்பதோ இல்லை. நாங்கள் எடுத்ததோ பெயர்ப் பட்டியலாகவே பாவிக்கப்படப் போகிற ஒன்று. ஆனாலும் கேள்விகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. வீட்டில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, வயது, குடும்பத் தலைவருக்கு என்ன முறை, கலியாணம் முடித்தவரா, எதுவரை படித்தவர், பிரதான தொழில் என்ன, தோட்டத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள். படலையைத் திறந்துவிடுகிற சனத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லாமே “பதிவு”.

ஒரு வளவு, இரண்டு அடுப்பு

எனக்குக் கிடைத்த இடம் வலிகாமம் தெற்கில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு கிராமம். முதல் நாளே ஒன்று விளங்கியது. “வீட்டில எத்தனை பேர் அம்மா?” என்றவுடன் முகங்கள் மாறின. எங்கள் ஊரில் குடும்ப விபரம் எழுதுவது பயிர்ச்செய்கையை நினைவுபடுத்துகிற காரியமே இல்லை. போர்க்காலத்தில் எங்களிடம் எடுத்த குடும்பப் படமும் அங்கத்தவர் பட்டியலும், இரவில் யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை. ஒரு தாய் தன் மூத்த மகனைச் சொல்லாமலே விட்டார். அவன் முற்றத்தில் குந்தியிருந்து இறைக்கிற மிசினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன், தாய் என் பேனையைப் பார்த்தார். சிறிது நேரம் பொறுத்து, “சரி, அவனையும் போடுங்கோ” என்றார்.

2001இல் நாட்டில் குடித்தொகை மதிப்பு நடந்தபோது யாழ்ப்பாணத்தில் அது நடக்கவில்லை. 18 மாவட்டங்களில்தான் முழுமையாக முடிந்தது. 1981இல் இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 738,788 பேர் இருந்தார்கள். அதற்கு அடுத்த முழுமையான கணக்கு 2012இல்தான் கிடைத்தது: 583,882. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் 31 வருடங்கள். அந்த 31 வருடங்களில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, வீட்டிலுள்ளோரின் பெயரையும் வயதையும் கேட்டு வருகிறவர் நல்லதுக்குத்தான் வருகிறார் என்று நம்ப ஒரு காரணமும் இருந்திருக்காது. குடும்ப விபரக் கேள்விகளை இலேசானவை என்று பயிற்சியில் சொல்லுவார்கள். காணிக் கேள்விதான் பாரம், ஆட்களின் கேள்வி சும்மா என்று. இங்கே அது தலைகீழ்.

குடும்பம் என்றால் யார் என்பதும் இலகுவில்லை. ஒன்றாக இருந்து, உணவையும் அவசியமான தேவைகளையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு குடும்பம் என்பது உலகம் முழுவதும் பாவிக்கிற வரைவிலக்கணம். எங்கள் மொழியில் சொன்னால் ஒரே உலை. ஆனால் வலிகாமத்தில் ஒரு வளவுக்குள் தாய்க்கு ஒரு வீடு, மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு என்று இரண்டு அடுப்பு எரியும். கிணறு ஒன்று. தகப்பன் தன்னுடைய தறைக்கும் (தோட்டத் துண்டுக்கும்) மருமகனுடைய தறைக்கும் ஒரே மிசினால் இறைப்பார். மத்தியானச் சோறு தாய் வீட்டில், இரவுப் புட்டு மகள் வீட்டில். நான் இரண்டு படிவம் எழுதினேன், விதிப்படி அது சரி. பரிசிலிருந்து மிசினுக்குக் காசு அனுப்பி, நடுகை நாளில் போன் எடுத்து எத்தனை தறை என்று கேட்கிற மகன் எந்தப் படிவத்திலும் வரமாட்டான், அதுவும் விதிப்படி சரி. படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் “மகன் – பரிஸ்” என்று எழுதிவைத்தேன். மேற்பார்வையாளர் அழிக்கச் சொன்னார், அழித்தேன்.

பரப்பளவுக் கேள்வியைப் பற்றி ஒரு வரி மட்டும். பரப்பு என்பது எங்கள் ஊர்க் காணி அளவு. தோட்டக் காணியென்றால் 16 பரப்பு ஓர் ஏக்கர், வயலென்றால் 24 பரப்பு ஓர் ஏக்கர். யாராவது “நாலு பரப்பு” என்றால், எந்தப் பரப்பு என்று கேட்காமல் எழுதக் கூடாது. இந்த ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அன்றே சொல்லிவிட்டேன்.

சாய்மனைக் கதிரை

அந்த வீட்டுக்கு நான் போனபோது காலை பத்து மணியிருக்கும். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் ஐயா இருந்தார். பாரிசவாதம் அடித்து ஆறு வருடம், வலது பக்கம் இயங்காது, பேச்சும் குழறும். அம்மா தோட்டத்திலிருந்து வந்தார். கையும் காலும் செம்மண். அன்றைக்கு அவர்களிடம் வெங்காயம் கிண்டல், அதாவது அறுவடை. பின்பக்கம் இரண்டு பெண்கள் குந்தியிருந்து கிண்டிக்கொண்டிருந்தார்கள், மூன்றாவது ஆள் பிடி கட்டிக்கொண்டிருந்தார். நான் இருந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் அம்மாவுக்கு இரண்டு தரம் போன் வந்தது. இரண்டாவது அழைப்பு ஒரு வியாபாரியுடையது. “நாளைக்கு லொறி அனுப்பாதேங்கோ. அந்த விலைக்கு நான் பிடி கட்டேலாது. வியாழக்கிழமை கதைப்பம்” என்று சொல்லி வைத்துவிட்டார். குரல் உயரவில்லை. பேரம் முடிந்துவிட்டது என்பது எனக்கே விளங்கியது, அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு விளங்காமலா இருந்திருக்கும்.

எங்களுக்குத் தந்த கைந்நூலில் கமக்காரர் என்பதற்கு விளக்கம் இருந்தது: தோட்டத்தில் எதை, எப்போது, எவ்வளவு என்ற முக்கிய முடிவுகளை எடுப்பவர். உலக உணவு விவசாய நிறுவனம் சொல்கிற வரைவிலக்கணமும் கிட்டத்தட்ட இதுதான். காணி யாருடையது என்பதோ யாருடைய கை மண்ணில் படுகிறது என்பதோ அல்ல, யார் தீர்மானிக்கிறார் என்பதே அளவு. சற்றுமுன் என் கண்ணுக்கு முன்னால் ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் படிவம் இருந்தபடி வாசித்தேன்.

“கமக்காரர் ஆர் அம்மா?”

“இவர்தான். இவற்ர பேரை எழுதுங்கோ.”

“தோட்டம் முழுக்க நீங்கள்தானே பாக்கிறியள்?”

அம்மா கதிரைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “முப்பது வரியம் தோட்டம் செய்த மனிசன், பிள்ளை. உதில வேற பேர் எழுத வேண்டாம்.”

ஐயாவின் பெயரை எழுதினேன். அடுத்து அங்கத்தவர் விபரம். அம்மாவின் வயது 53, படிப்பு எட்டாம் வகுப்பு. பிரதான தொழில் என்று கேட்டேன். “எனக்கென்ன தொழில், வீட்டிலதான்” என்றார். அதற்கு ஒரு குறியீட்டு இலக்கம் இருந்தது, வீட்டுப்பணி. அதைப் போட்டேன். மண் படிந்த கையால் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார், குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

தோட்டத்தில் வேலைசெய்த மூன்று பெண்களிடமும் வெளியே வரும்போது கதைத்தேன். பக்கத்துக் குறிச்சியில் இருந்து வருகிறார்கள். “எங்கட வீட்டுக்கும் வருவியளோ?” என்று ஒருவர் கேட்டார். என்னுடைய பட்டியலில் அவர்களுடைய வீடுகள் இல்லை. பயிர் செய்கிற காணி உள்ள வீடுகளுக்கு மட்டும்தான் படிவம். விவசாயத் தொகைமதிப்பு என்பதே உலகம் எங்கும் பண்ணையை, அதாவது பயிர் செய்யும் அல்லது கால்நடை வளர்க்கும் ஓர் அலகை, அடிப்படையாக வைத்து எடுக்கப்படுவது. சொந்தமோ குத்தகையோ எதுவுமில்லாமல் நாட்கூலிக்கு வருகிற குடும்பம் அதற்குள் வராது. ஆக, ஒரு வெங்காயத் தறையில் அன்று நின்ற நாலு பெண்களில் ஒருவர் வீட்டுப்பணி, மற்ற மூவரும் கணக்கிலேயே இல்லை. எழுத்தில் அந்தத் தறையைச் செய்தவர் கதிரையில் இருந்தவர். யாழ்ப்பாணத்தில் யாரிடம் காணி இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது சாதியோடு எவ்வளவு பின்னியது என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணியிலிருந்து தொடங்கும் கணக்கு, காணி மறுக்கப்பட்டவர்களைத் திரும்பவும் ஒரு தடவை வெளியில் விடுகிறது. குடித்தொகை மதிப்பில் அவர்கள் வருவார்கள், ஆனால் எந்தப் பயிரில், எத்தனை நாள், என்ன கூலிக்கு என்று அங்கே கேட்பதில்லை.

உறுதியில் அவர் பெயர், பட்டியலில் இவர் பெயர்

அந்தப் பெயரை எழுதியது சரியா என்று பல நாள் யோசித்தேன். வீட்டுக்காரி கேட்டபடி எழுதினேன், அது மரியாதை. கைந்நூல் சொன்னபடி எழுதவில்லை, அது பிழை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் காணி அம்மாவுடைய சீதனம்.

இது எங்கள் பக்கத்தில் புதுமையே இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று சொத்து பிரிகிறது. 1707இல் டச்சுக்காரர் அதை எழுத்தில் தொகுத்ததற்கு முன்பே மகளுக்குக் காணி போய்க்கொண்டிருந்தது. வலிகாமத்தில் வீடும் வளவும் தோட்டத் தறையும் கிணற்றில் பங்கும் பெண்ணின் பெயரில் இருப்பது சாதாரணம். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கலியாணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் அவளுடையது, கையொப்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையொப்பம். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பெர்மிற் காணிகளில் கதை வேறு. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரித்து வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை இருந்தது, அது மாறியது 2022இல்தான். அங்கே காணி ஆணிடம் போனது, தொழிலும் ஆணுடையது என்று ஆனது. இங்கே காணி பெண்ணிடம் இருந்தும் தொழில் ஆணுடையது என்று எழுதப்படுகிறது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சொத்து இருக்கிறது, அதனால் அவளுக்கு என்ன குறை என்று பெருமையாகச் சொல்லுகிறவர்கள் இந்த இரண்டாவது வரியையும் ஒருக்கால் பார்க்க வேண்டும்.

“பிரதான தொழில்” என்ற கேள்வியும் அப்படித்தான். 2013இல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிற் புள்ளிவிபர மாநாடு, வேலை என்ற சொல்லை விரித்து வரையறுத்தது. சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ செய்வது மட்டும் வேலையில்லை, வீட்டுத் தேவைக்குப் பயிரிடுவதும் தண்ணீர் அள்ளுவதும் சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் வேலையின் வடிவங்களே என்று ஏற்றுக்கொண்டது. விற்பதற்காகச் செய்கிற குடும்பத் தோட்டத்தில் சம்பளமில்லாமல் உழைப்பதோ, அதற்கு முன்பிருந்தே தொழிலாகத்தான் எண்ணப்பட வேண்டியது. வெங்காயம் சந்தைக்குப் போகிறது, அதைக் கிண்டி விற்றவரை நான் வீட்டுப்பணி என்று எழுதினேன். அவர் அப்படித்தான் சொன்னார் என்பது உண்மை. அந்தப் பதில் என்னுடைய கேள்விக்குள்ளேயே இருந்தது என்பதும் உண்மை. “தொழில்” என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் அம்மாமாருக்கு நினைவுக்கு வருவது கந்தோரும் சம்பளச் சிட்டையும்தான். “போன கிழமை தோட்டத்தில எத்தனை நாள் நின்டனீங்கள்?” என்று கேட்டிருந்தால் ஆறு நாள் என்றோ ஏழு நாள் என்றோ சொல்லியிருப்பார்.

மண்ணெண்ணெய் வரிசை

2022 ஆடி மாதம். எங்கும் எரிபொருள் இல்லை. கொழும்பில் பெற்றோல் வரிசைகளைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள், எங்கள் தோட்டங்களில் உயிர் மண்ணெண்ணெயில் நின்றது. வெங்காயத்துக்கு நாலு நாளைக்கு ஒருக்காலாவது இறைக்க வேண்டும், எங்கள் செம்மண் தோட்டங்களுக்குக் கிணறுதான் எல்லாம், கிணற்றிலிருந்து தண்ணீரை எடுக்கிற மிசின் குடிப்பது மண்ணெண்ணெய். ஆவணியில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முன்பு விலை குறைவு, ஆனால் பொருள் இல்லை. வந்த கொஞ்சத்தைக் கமக்காரர் பட்டியல்படி பங்கிட்டார்கள்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். பள்ளி முடிந்து வருகிற வழியில் ஒரு வரிசை. இரண்டு கானோடு அந்த அம்மா வரிசைக்கு வெளியே நின்றார். ஒரு கையில் பொலித்தீன் பைக்குள் காணி உறுதி. முதலில் நான் அடையாளம் காணவில்லை. அவர்தான் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீர்தானே அண்டைக்கு எங்கட வீட்டை வந்தனீர்?”

ஐயா 2020இல் காலமாகிவிட்டார். பட்டியலில் அவருடைய பெயர்தான் நின்றது. இறந்தவருடைய பெயருக்கு எப்படிக் கொடுப்பது என்று மேசையில் இருந்தவர் கேட்டிருக்கிறார். தன் பெயருக்குத் தரச் சொல்லியிருக்கிறார் அம்மா. மேசைக்காரர் கணினியில் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வீட்டுப்பணி எண்டெல்லோ கிடக்கு” என்றாராம். உறுதியைக் காட்டியதற்கு, உறுதி காணிக்காரருக்கு, இது செய்கிறவருக்கு என்று பதில். அவர் சொன்னது விதிப்படி சரியாகவும் இருக்கலாம். பின்னால் நின்ற ஒருவர் தன் பங்கிலிருந்து இரண்டு லீற்றர் ஊற்றிக் கொடுத்தார். அது ஒரு இறைப்புக்கே காணாது. ஒரு தறை வெங்காயம் அந்த முறை வாடிப்போனது.

என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பெயர் மாற்ற ஒரு படிவம் தந்திருக்கிறார்கள், அதை நிரப்பித் தருவீரா என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பெயரைக் கேட்பதும் நடந்ததைக் கேட்பதும்

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். உலக விவசாயத் தொகைமதிப்பு முதன்முதலில் 1930இல் உரோமில் இருந்த பன்னாட்டு விவசாய நிறுவனத்தின் ஏற்பாட்டில் நடந்தது. 1950 முதல் உலக உணவு விவசாய நிறுவனம் பத்து வருடத்துக்கு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. 2016 முதல் 2025 வரையான சுற்றுக்கான வழிகாட்டியில் குடும்பத்தினரின் விபரங்களுக்கு ஒரு தனிப் பிரிவு, பண்ணையில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்பதற்கு இன்னொரு பிரிவு. அவற்றையடுத்து, வீட்டுக்குள் முடிவுகளும் உரிமையும் யார் யாரிடம் இருக்கின்றன என்று கேட்பதற்கென்றே ஒரு புதிய பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். பயிர் எது என்று தீர்மானித்தது யார், விற்கும் முடிவு யாருடையது, கடன் எடுப்பது யார் என்று ஒவ்வொன்றாக. ஒரு பண்ணைக்கு ஒருவருக்கு மேற்பட்டவர் கூட்டாகப் பொறுப்பாக இருக்கலாம் என்பதையும் அந்த வழிகாட்டி ஏற்றுக்கொள்கிறது. இதை வாசித்தபோது, எங்கள் விறாந்தையில் நடந்தது உலகத்தின் எத்தனையோ விறாந்தைகளில் நடந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் இப்படி ஒரு பிரிவு வந்திருக்காது.

இலங்கையில் 1982க்கு அடுத்து 2002, அதற்கடுத்து 2013/14இல் பொருளாதாரத் தொகைமதிப்போடு சேர்த்து என்று விவசாயத் தொகைமதிப்புகள் நடந்திருக்கின்றன. இனி வருவது 2026 முதல் 2035 வரையான உலகச் சுற்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வருடங்கள். ஒரு தரம் வீட்டுப்பணி என்று எழுதினால், அந்தப் பெண்ணின் கம வாழ்க்கையில் பாதி அந்தச் சொல்லுக்குக் கீழே போய்விடும். விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்துக்கு 1987ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. விவசாயி என்று சொல்லிக்கொள்ளத் தயங்குகிற, விவசாயி என்று எழுதப்படாத ஒரு பெண் அதன் வாசலுக்கே போகமாட்டாள்.

எனக்குப் பட்டது இதுதான். கமக்காரர் யார் என்று பெயரைக் கேட்டால் சனம் மரியாதையைச் சொல்லும். விதை எடுத்தது யார், இறைப்புக்கு நாள் குறித்தது யார், வியாபாரியோடு கதைத்தது யார் என்று நடந்ததைக் கேட்டால் நடந்ததைச் சொல்லும். எங்கள் பெண்கள் பொய் சொல்லுகிறவர்கள் இல்லை. ஒரு கோட்டில் ஒரு பெயர் என்றால், வீட்டில் எவருடைய பெயர் இருந்தால் மனம் நோகாதோ அந்தப் பெயரைத்தான் தருவார்கள். தன்னுடைய பெயரைச் சொல்வதென்றால் கதிரையில் இருக்கிறவரைக் கமக்காரர் இல்லை என்று சொல்ல வேண்டும். அதை ஒரு மூன்றாம் ஆளுக்கு முன்னால், அவர் கேட்க, எந்த மனிசி சொல்லுவாள்? பெண்களைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்று சில பயிற்சிகளில் சொல்லுகிறார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில், விறாந்தையும் குசினியும் பத்தடி தூரத்தில் இருக்கும்போது, அது அவ்வளவு நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. கேள்வியை மாற்றுவது நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

பெயர் மாற்றப் படிவத்தை நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். சாய்மனைக் கதிரை அதே இடத்தில் இருந்தது, அதில் காயப்போட்ட உடுப்புகளை மடித்து வைத்திருந்தார்கள். படிவத்தை எடுக்க முன்பு, எனக்காகவே சில கேள்விகள் கேட்டேன். ஐயா இருந்த காலத்தைப் பற்றி, ஒவ்வொன்றாக.

வியாபாரியோடு யார் கதைக்கிறது? “நான்தான்.” இறைப்புக்கு ஆள் பிடிக்கிறது? “நான்.” எந்தத் தறையில் வெங்காயம், எதில் பீற்றூட், எதில் மரவள்ளி என்று யார் முடிவெடுக்கிறது? “நான்தான். இவரிட்டைச் சொல்லுவன், ஓமெண்டு தலையாட்டுவார்.” கடன்? “சங்கத்தில நான்தான் எடுத்தது, இவற்ர பேரில.” கேட்டுக்கொண்டு போகப் போக எனக்குள் ஒரு திருப்தி வந்துகொண்டிருந்தது. 2017இல் நான் நினைத்தது சரிதான், கமக்காரர் இவர்தான், இவருடைய பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

“விதை வெங்காயம் ஆர் எடுக்கிறது?”

“அது இவர்தான்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“வளையில தூக்கிக் கட்டியிருக்கிற பிடியை ஒவ்வொண்டா அவிட்டு, இவற்ர மடியில கொண்டுபோய் வைப்பன். இடது கைதானே இயங்கும். ஒவ்வொரு பிடியாத் தூக்கி, நெரிச்சு, காதுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாப்பார். சரியில்லாததைக் கீழ போட்டுடுவார். கதை வராட்டிலும் அதில பிழை விடமாட்டார். அவர் போடச் சொன்னதைத்தான் நட்டனான். அவர் விட்டதை ஒருக்கால் காசுக்குப் பாத்து நட்டு, அரைவாசி அழுகிப்போச்சு.”

ஆறு வருடம் அல்ல, அவர் கண் மூடும்வரை ஒன்பது வருடம், ஒவ்வொரு போகத்துக்கும் அந்தத் தோட்டத்தின் விதையைத் தேர்ந்தது கதிரையில் இருந்த அந்த இடது கை. வெங்காயம் செய்கிறவர்களுக்குத் தெரியும், விதை பிழைத்தால் மற்ற எல்லா முடிவும் வீண். “உதில வேற பேர் எழுத வேண்டாம்” என்று அம்மா சொன்னதை நான் ஐந்து வருடமாக மரியாதைப் பேச்சு என்று மட்டும் நினைத்திருந்தேன். அதில் தொழில் விபரமும் இருந்தது. அன்றைக்கு நான் கைந்நூல்படி நடந்து அம்மாவின் பெயரைத் தனியே எழுதியிருந்தாலும் அந்தப் படிவம் பாதிதான் சரியாகியிருக்கும். அங்கே இருவர் கமம் செய்தார்கள். இரண்டு பெயருக்கு இடமிருந்திருந்தால் ஐயாவின் மரியாதைக்கும் குறை வந்திருக்காது, மண்ணெண்ணெய் வரிசையில் அம்மா வெளியே நின்றிருக்கவும் தேவையில்லை.

பிறகு படிவத்தை விரித்தோம். காணியின் பெயர் என்ற இடத்தில் உறுதியைப் பார்த்து, அந்தத் தறைக்குத் தலைமுறைகளாக உள்ள பெயரை எழுதினேன். விஸ்தீரணம் ஐந்து பரப்பு, வரகு அளவில், அதாவது தோட்டக் காணிக் கணக்கில். கிணற்றில் எட்டில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும். வயது 58. இந்தப் படிவத்திலும் கமக்காரர் பெயருக்கு ஒரு கோடுதான். அம்மாவின் பெயரை எழுதினேன். இம்முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப விதையை ஆர் பாக்கிறது?” என்று கேட்டேன்.

“நான்தான் பாக்கிறன். அவர் பிடிக்கிற மாதிரியே பிடிச்சுப் பாக்கிறன், நெரிச்சும் பாக்கிறன். காதில வைச்சு என்னத்தைக் கேட்டவரெண்டுதான் விளங்கேல்லை.”

பிரதான தொழில் என்ற இடத்தில் தோட்டம் என்று எழுதி, கையொப்பம் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன்.